அடையாளம் சொல்லி வாங்கிய சேறு

“சேத்துக்காகவா சேர் இந்தியாவில இருந்து வந்த நீங்க?”

ஆட்டோவைக் கிளப்பாமலே திரும்பிப் பார்த்துக் கேட்டார் அலியார் காக்கா. கல்முனை பஸ் நிலையத்தில் நான் இறங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, கக்கத்தில் பெரிய அலுமினியத் தாள் சுருள். பார்சல் கட்டும் ஹோட்டல்காரன் என்று அவர் நினைத்திருந்தால்கூட நியாயம்தான். இந்தப் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் அண்ணனைக் காக்கா என்கிறார்கள். சென்னையில் ஒருவரை அப்படிக் கூப்பிட்டால் கைகலப்பு வரும். முதல் அரை நாள் ‘ஐயா’ என்று சமாளித்தேன், அதற்குப் பிறகு எனக்கும் காக்கா வந்துவிட்டது.

சேற்றுக்காகத்தான் வந்தேன். இந்தக் கரைக்குக் கிழக்கே, மூன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், கடலின் தரையில் குழாய் இறக்கி எடுத்த சேறு. அதைச் சென்டிமீட்டர் கனத்தில் வில்லை வில்லையாக அரிந்து, உலையில் சுட்டுச் சுத்தம் செய்த அலுமினியத் தாளில் சுற்றி, கண்ணாடிக் குப்பிகளில் போட்டு, நீல நிற ஐஸ் பெட்டி ஒன்றில் அடுக்கியிருந்தோம். நாற்பத்தொரு குப்பிகள். அந்தப் பெட்டி கப்பலிலிருந்து கடலில் விழுந்துவிட்டது. நான்கு நாள் மிதந்த பிறகு சாய்ந்தமருதிலிருந்து போன ஆழ்கடல் போட் ஒன்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தது. மூடியில் ஒட்டியிருந்த தொலைபேசி எண் பாதி அழிந்தும், எப்படியோ முட்டி மோதி எங்கள் ஆய்வு நிலையத்தைப் பிடித்துவிட்டார்கள். போய் வாங்கி வா என்று என்னை அனுப்பினார்கள்.

அந்தச் சேற்றில் இரண்டு விதமான கார்பன் இருக்கிறது. பாசியும் மீனும் நுண்ணுயிரும் செத்து விழுந்த மிச்சம் ஒன்று, அது கரிமக் கார்பன். எங்கோ வயலோ காடோ என்ஜினோ எரிந்து, காற்றோடும் ஆற்றோடும் கடலுக்குள் போய் இறங்கிய மிச்சம் இன்னொன்று, அது கருப்புக் கார்பன். எது எவ்வளவு என்று அளப்பது என் தொழில். அமிலம் விட்டுச் சுண்ணாம்பைப் போக்கி, முந்நூற்றெழுபத்தைந்து டிகிரியில் ஒரு நாள் முழுக்க உலையில் வைத்தால் உயிர்களின் மிச்சம் போய்விடும், தீயின் மிச்சம் நிற்கும். இதற்காக ஒரு கப்பல், முப்பது ஆட்கள், இரண்டு வாரம். இதையெல்லாம் கேட்ட அலியார் காக்காவுக்குச் சிரிப்பு வந்தது, மரியாதைக்காக அடக்கிக்கொண்டார்.

“அப்ப முதல்ல சாப்பிடுவம்,” என்றார்.

எனக்குச் சாப்பாட்டில் மனம் இல்லை. கொழும்பிலிருந்து வந்த பஸ்ஸில் எனக்குக் கிடைத்தது கதவோரச் சீட்டு. ராத்திரி முழுக்கக் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒரு கட்டத்தில் என் முழங்காலில் கை வைத்து அமுக்கிப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனார். ஆகஸ்ட் மாத வெயில். இதற்குள் பெட்டியில் ஐஸ் இருக்குமா, இருக்காதா? தீயின் மிச்சத்தை எதுவும் தின்னாது, ஆனால் கரிமக் கார்பனை நுண்ணுயிர்கள் தின்னும், சூடு கண்டால் இன்னும் வேகமாகத் தின்னும். ஒவ்வொரு மணி நேரமும் என் அளவு குறைந்துகொண்டிருப்பதாக எனக்கு ஒரு பதைப்பு.

இருந்தாலும் இடியப்பத்தின் மேல் மீன் ஆணத்தை ஊற்றி, பக்கத்தில் தேங்காய்ச் சம்பலையும் வைத்தபோது பதைப்பு கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்தது. ஆணம் என்றால் குழம்புதான், ஆனால் எங்கள் குழம்பில் பாதிப் புளி, இரண்டு மடங்கு தேங்காய்ப் பால். டீ கேட்டேன், பால் இல்லாமல் கறுப்பாக வந்தது. பாலோடு வேண்டுமென்றால் பால் தேத்தண்ணி என்று கேட்க வேண்டுமாம். கறுப்பையே இஞ்சியோடு குடித்துப் பழகிக்கொண்டேன்.

சாய்ந்தமருது கல்முனையை ஒட்டியே இருக்கிறது. எங்கே ஒரு ஊர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று கடைப் பலகைகளைப் படித்தால்தான் தெரியும். பெட்டியை எடுத்தவர் பெயர் மீராலெவ்வை, அந்த ஆழ்கடல் போட்டை ஓட்டுபவர். வீட்டுக்குப் போனோம். மதிலில் மீன்வலை காய்ந்தது, வாசலில் வெள்ளை மணல். அவர் மறுபடியும் கடலுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி ஆமினா, ஐம்பது வயதிருக்கும், உள்கதவருகே முக்காட்டைச் சரிசெய்தபடி நின்று பேசினார். ராத்தா என்று கூப்பிடுங்கள், அக்கா என்று அர்த்தம் என்று அலியார் காக்கா வழியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்.

“பெட்டி இரிக்கி சேர். ஐசுக்குள்ள பத்திரமா இரிக்கி. எடுத்தவர் வராம நான் குடுக்க ஏலா.”

எப்போது வருவார் என்றேன். நாளை மறுநாள், மீன் பட்டால் இன்னும் ஒரு நாள் கூடும் என்றார். என்னிடம் இருந்த கடிதங்களை எல்லாம் மேசையில் பரப்பினேன். எங்கள் நிலையத்துக் கடிதம், கொழும்பில் முத்திரை குத்தியது, இங்கே மீன்பிடி அலுவலகத்தில் கையெழுத்து வாங்கியது. ராத்தா அவற்றைத் தொடவில்லை. தொதல் என்ற இனிப்பும் தேத்தண்ணியும் கொண்டுவந்து கடிதங்களுக்குப் பக்கத்தில் வைத்தார்.

சரி, தர வேண்டாம், ஒரு தடவை பார்க்கவாவது விடுங்கள் என்று கெஞ்சினேன்.

“காட்டிப்போட்டு பொறகு அடையாளம் கேட்டா, அதில என்ன இரிக்கி?” என்றார்.

விஷயம் அப்போதுதான் புரிந்தது. கண்டெடுத்த பொருள் இவர்களுக்கு அமானிதம், அதாவது இன்னொருவர் பொருட்டுக் காத்து வைக்க வேண்டியது. எடுத்தவர் முதலில் அதன் பையையோ பெட்டியையோ, அது கட்டப்பட்டிருக்கும் விதத்தையோ மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஊருக்கு அறிவிக்க வேண்டும், ஆனால் அடையாளத்தை மட்டும் வெளியே விடக்கூடாது. வந்து கேட்பவர் அதைச் சொன்னால் கொடுக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டார்களாம். இரண்டு பேர் ஏற்கெனவே வந்து போயிருந்தார்கள். ஒருவர் மூடியில் பூட்டு இருக்கிறது என்றாராம். இன்னொருவர் நீலக் கயிறு என்றாராம். இரண்டும் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

“நாங்க தொறக்கல்ல. அதால உள்ளுக்குள்ள என்ன எண்டு எங்களுக்குத் தெரியா. வெளிய என்ன கட்டியிரிக்கி எண்டு மட்டும் சொல்லுங்க, போதும். எனக்கிட்ட இல்ல, அவருக்கிட்ட.”

கடித்த தொதலைத் தட்டில் திரும்ப வைத்தேன். கட்டியிருக்கிறது என்கிறாரே.

இங்கே ஒன்றை எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் மீதி விளங்காது. அந்தப் பெட்டியைக் காலையில் கட்டியவர் ராயப்பன். தூத்துக்குடிக்காரர், கப்பலின் மேல்தளத்து வேலையாள், கயிறு விஷயமென்றால் எல்லோரும் கூப்பிடுவது அவரைத்தான். வெள்ளை நைலான் கயிற்றால் மூடியைக் குறுக்கும் நெடுக்கும் சுற்றி, அதன் மறுமுனையால் பெட்டியைத் தளத்துக் கம்பியோடு பிணைத்திருந்தார். மதியம் கடைசிக் குப்பியை உள்ளே வைக்க நான் அந்தக் கயிற்றை அவிழ்த்தேன். திரும்பக் கட்ட வரவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது, அன்று வஞ்சிரம் வறுவல். குப்பி துடைப்பதற்காக வைத்திருந்த பழைய வேட்டியின் கரையைக் கிழித்து மூடியை மட்டும் கட்டினேன். கம்பியோடு பிணைப்பதைச் சாப்பிட்டு வந்து ராயப்பனிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை சோறு வாங்கும்போது கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மேலே ஓடினேன். கயிறு கிடந்தது, பெட்டி இல்லை.

விசாரணையில் ராயப்பன், “நான் கட்டினேன் சார்,” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். கயிறு தளத்தில் கிடந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ‘பெட்டி கட்டப்படவில்லை. கட்டும் பொறுப்பு: ராயப்பன்’ என்று அறிக்கை தயாரானது. பயணத்தின் மூத்த ஆய்வாளன் என்ற முறையில் அதில் கையெழுத்துப் போட்டவன் நான். அடுத்த பயணத்துக்கு அவர் பெயர் பட்டியலில் இல்லை. தூத்துக்குடியில் ஏதோ ஐஸ் ஆலையில் கட்டி உடைக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அந்த அறிக்கையின் பிரதியும் பெட்டி எங்களுடையது என்பதற்கு ஆதாரமாக இப்போது ராத்தாவின் மேசைமேல் கிடந்தது.

நான்கு நாள் கடலில் கிடந்த பெட்டியில் ஒரு வேட்டிக் கரை எங்கே தங்கியிருக்கப் போகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டுதான் விமானம் ஏறியிருந்தேன்.

மறுநாள் விடுதி அறையில் உட்கார முடியவில்லை. காற்றாடி சுற்றினால் சத்தம், நின்றால் வேர்வை. காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போயிற்று. உடனே ஓடிப்போய், பெட்டியை வைத்திருக்கும் ஐஸ் அறைக்கும் மின்சாரம் போயிருக்குமா என்று அலியார் காக்காவைக் கேட்டேன். ஐஸ் அறைக்கு மின்சாரம் எதற்கு, அங்கே ஐஸ்தானே இருக்கிறது என்றார். எங்கள் ஊர் ஆய்வகத்தில் இரண்டு குளிர்ப்பெட்டி, ஒரு ஜெனரேட்டர், ஒரு எச்சரிக்கை மணி. அப்படியும் போன கோடையில் ஒரு தட்டு மாதிரிகளைக் கெட்டுப்போக விட்டோம். அதை அவரிடம் சொல்லவில்லை.

சும்மா இருப்பதைவிட ஏதாவது செய்யலாம் என்று உள்பக்கம் வயல்கள் நிறைந்த சவளக்கடை ஊருக்குப் போகலாமா என்றேன். கடலடியில் இருக்கும் கரித்தூள் எதை எரித்து வந்தது என்று தெரிய வேண்டுமானால், கரையில் எதை எரிக்கிறார்கள் என்று பார்த்து, அந்தக் கரியில் கொஞ்சம் கொண்டுபோய் ஒப்பிட வேண்டும். சிறுபோக அறுவடை நடக்கும் நேரம். உள்ளே போகப் போக வயல்கள், வாய்க்கால், கொக்குகள். எங்கள் தஞ்சாவூர்ப் பக்கம் போலவே இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் ஆட்டோவின் முன்சக்கரம் வெடித்தது.

மாற்றுச் சக்கரம் இருந்தது. ஆனால் அதிலும் காற்று இல்லை. அலியார் காக்கா அதைத் தட்டிப் பார்த்து, “போன மாசமும் இப்பிடித்தான் இருந்திச்சி,” என்றார், புதிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை என்பதுபோல. வழியில் வந்த உழவு இயந்திரம் ஒன்றில் சக்கரத்தை ஏற்றிக்கொண்டு அவர் போனார். நான் வரப்பில் மேலும் கீழும் நடந்தேன். கச்சான் காற்று, மேற்கிலிருந்து கடலைப் பார்த்து வீசும் சூடான காற்று, முகத்தில் அறைந்தது. தூரத்தில் ஒரு வயலில் வைக்கோலுக்குத் தீ வைத்திருந்தார்கள். புகை தரையோடு படுத்துக் கிழக்கே போயிற்று.

வயல்காரர் வந்தார். தலையில் துவாய், கையில் வாய்க்கால் வெட்டும் மண்வெட்டி. ஒரு கண்ணாடிக் குப்பியையும் இடுக்கியையும் வைத்துக்கொண்டு அவருடைய வயலில் கரி பொறுக்கும் என்னை அவர் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். இந்தப் புகை இந்தக் காற்றோடு கடலுக்குப் போகிறது, அங்கே மெல்ல மெல்ல இறங்கி, தரையில் படிந்து, ஆயிரக்கணக்கான வருஷம் கரையாமல் கிடக்கிறது என்று விளக்கினேன். மண்வெட்டியை வரப்பில் ஊன்றினார்.

“அப்ப எங்கட வட்டையில பாதி கடலுக்குக் கீழ இரிக்கி எண்டு சொல்லுறீங்க,” என்றார். வட்டை என்றால் வயல்வெளி. “அதுக்கும் தண்ணி வரி கேப்பானா?”

பிறகு அவரே நல்ல கரியாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். கையால் தொடாதீர்கள் என்று நான் பதறினேன். மனிதக் கையின் எண்ணெயிலும் கரிமக் கார்பன் உண்டு. இடுக்கியை வாங்கி, மிகுந்த கவனத்தோடு, பிள்ளைக்கு மருந்து கொடுப்பது போல ஒவ்வொரு துண்டாகக் குப்பியில் போட்டார். மதியம் அவர் வீட்டில் எருமைத் தயிரும் கருப்பட்டிப் பாணியும் கிடைத்தது. தயிர்ச் சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது. நான் இரண்டு தடவை வாங்கினேன், இரண்டாம் தடவை வாங்கும்போது கப்பலின் ஞாபகம் வந்து பாதியில் எழுந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை மீராலெவ்வை கரைக்கு வந்துவிட்டார் என்று அலியார் காக்கா செய்தி கொண்டுவந்தார். உடனே கிளம்பப் பார்த்தேன். ஆள் இப்போது தூங்குவார், அசர் தொழுகை முடிந்து வரச் சொல்லியிருக்கிறார் என்றார். அசர் என்பது மாலைத் தொழுகை. மணி அப்போது பத்து. அந்த ஆறு மணி நேரத்தில் கல்முனைக் கடைத்தெருவை நான்கு தடவை அளந்துவிட்டேன். மருதமுனைச் சாரம் விற்கும் கைலிக் கடை ஒன்றில் மூன்றாம் தடவை நுழைந்தபோது கடைக்காரர் எனக்கு நாற்காலி போட்டார்.

சாயங்காலம் மீராலெவ்வை வீட்டு முன்னறையில் மூன்று பேர் இருந்தார்கள். மீராலெவ்வை ஒல்லியான மனிதர், உள்ளங்கைகள் மட்டும் பெரியவை, அதிகம் பேசாதவர். ராத்தா கதவருகே. இன்னொருவர் மரைக்கார், பள்ளிவாசல் நிர்வாகத்தில் அவர்கள் குடிக்கு, அதாவது வம்சத்துக்கு, உரிய பிரதிநிதி. வெள்ளைத் தொப்பி, மூக்குக் கண்ணாடி, மடியில் ஒரு கொப்பி, நம் ஊர் நோட்டுதான். சாட்சியாக வந்திருந்தார். நான் சொல்லும் அடையாளத்தை அவர் எழுதுவார், நானும் எடுத்தவரும் கையெழுத்துப் போடுவோம், ஒரு பிரதி மீன்பிடி அலுவலகத்துக்கு, ஒரு பிரதி என் நிலையத்துக்கு. ஒழுங்கு என்றால் இதுதான் ஒழுங்கு. எங்கள் நிலையத்தில் ஒரு பேனா வாங்கக்கூட இவ்வளவு தெளிவான முறை கிடையாது.

பெட்டியின் நிறம் சொன்னேன். மூடியில் ஒட்டியிருந்த தாளைச் சொன்னேன். இடதுபக்கக் கைப்பிடியில் ஒரு கீறல் என்றேன். மீராலெவ்வை ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார். பிறகு கேட்டார்.

“எதால கட்டியிரிந்த?”

மரைக்காரின் கையில் என் கையெழுத்துப் போட்ட அறிக்கை இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னேன்.

“கட்டல. கட்டு எதுவும் இல்ல.”

மரைக்கார் கண்ணாடியைக் கழற்றினார். ராத்தா கணவரைப் பார்த்தார். மீராலெவ்வை என்னைக் குற்றவாளிபோலப் பார்க்கவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. வழி தப்பிய ஒருவருக்கு வழி சொல்கிற குரலில் மெல்லச் சொன்னார்.

“கட்டு இருந்திச்சி சேர்.”

கடிதங்கள் சரியாகத்தான் இருக்கின்றன, ஆனால் கடதாசி யாரிடமும் இருக்கலாம் என்றார் மரைக்கார். நான், ஊருக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்கிறேன், ஒரு நாள் கொடுங்கள் என்றேன். யாரிடம் கேட்பது? கட்டியவன் நான். இருந்தும் அப்படித்தான் சொன்னேன், சொல்லிவிட்டு வேகமாக எழுந்து செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். ராத்தா வாசல்வரை வந்து, ஒரு பாத்திரத்தில் வட்டிலப்பத்தை, முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்த்து அவித்த இனிப்பை, மூடி அலியார் காக்காவிடம் கொடுத்தார். பொய் சொன்ன வாயோடு அதை எப்படிச் சாப்பிடுவது என்று தெரியவில்லை. அலியார் காக்காவே சாப்பிட்டார்.

நான்காம் நாள் காலையில், எங்கே போகலாம் என்று அவர் கேட்கவில்லை. “திருக்கோவில்ல உங்கட கோயில் இரிக்கி. போய்ட்டு வருவம்,” என்று அவரே தெற்குப் பக்கம் வண்டியைத் திருப்பினார். கோயில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது. உள்ளே முருகன் முன்னால் நின்றேன். வேண்டிக்கொள்ள ஒன்றும் வரவில்லை. வேட்டிக் கரை எப்படியாவது கழன்று விழுந்திருக்கட்டும் என்றா கேட்பது? அது இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இரண்டு நிமிடத்தில் வெளியே வந்துவிட்டேன். அலியார் காக்கா ஆட்டோவின் நிழலில் உட்கார்ந்து சோடா குடித்துக்கொண்டிருந்தார். இவ்வளவு சுருக்காகவா என்றார்.

அவரிடம்தான் முதலில் சொன்னேன். ஏன் என்று தெரியாது. மூன்று நாளாக என்னைச் சுமந்து திரிந்த மனிதர். கயிறு, வஞ்சிரம், வேட்டிக் கரை, ராயப்பன் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். சொன்னால் என் தலைமைப் பதவி போகலாம், அடுத்த கப்பல் போகலாம், மேலே இருப்பவர்கள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்றும் புலம்பினேன். அவர் சோடாவை முடித்து, போத்தலைக் கடையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“நீங்க சொல்லாட்டி அவங்க பெட்டியக் குடுக்க மாட்டாங்க சேர். கடைசிவரைக்கும் ஐஸ் போட்டு வெச்சிரிப்பாங்க. உரிமைக்காரன் வரல்ல எண்டு நினைச்சுக்கிட்டு.”

அந்தக் காட்சி என்னைக் கலைத்துவிட்டது. நான் ஊரில் இருப்பேன், இவர்கள் வாரக்கணக்கில் என் சேற்றுக்கு ஐஸ் போட்டுக்கொண்டிருப்பார்கள். வண்டியைச் சாய்ந்தமருதுக்கு விடச் சொன்னேன்.

அசர் முடிந்து அதே முன்னறை, அதே மூன்று பேர். இந்தத் தடவை நாற்காலியில் சாயவில்லை. மீராலெவ்வை கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தேன்.

“வேட்டிக் கரை. பச்சை, நடுவுல மெல்லிசா மஞ்சள் கோடு. மூணு முடிச்சு, ஒண்ணு மேல ஒண்ணு. எனக்கு அதுக்கு மேல கட்டத் தெரியாது.”

மரைக்கார் எழுதினார். எழுதிக்கொண்டே நிமிர்ந்து கேட்டார்.

“கட்டினது ஆரு எண்டு எழுதிற?”

“நான்.”

“அப்ப இந்தக் கடதாசில இரிக்கிற ராயப்பன்?”

“அவர் நல்லாத்தான் கட்டியிருந்தாரு. அத அவுத்தது நான். அந்தக் காகிதத்துல இருக்கறது பொய். அதுல கையெழுத்துப் போட்டதும் நான்தான். இதையும் எழுதிக்கோங்க.”

எழுதினார். வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன், கால் ஆடவில்லை. மீராலெவ்வை பெரிய உள்ளங்கையால் பேனாவைப் பிடித்து மெதுவாகத் தன் பெயரை எழுதினார்.

ஐஸ் அறை கடற்கரையில் இருந்தது. கனத்த மரக் கதவு, உள்ளே உமி தூவிய ஐஸ் கட்டிகள், சூரை மீன்களின் வரிசை. அவற்றுக்கு நடுவே, தனியாக ஐஸ் குவித்து, என் நீலப் பெட்டி. அந்தப் பச்சைக் கரை உப்பேறி வெளுத்து, அப்படியே இருந்தது. போட்டிலேயே ஐஸுக்குள் வைத்துவிட்டீர்களா என்று கேட்டேன். கடலிலிருந்து வந்த எதையும் ஐஸில் வைப்பதுதான் எங்கள் பழக்கம் என்றார், இதென்ன கேள்வி என்பதுபோல. திறக்காததும் ஐஸில் வைத்ததும்தான் அந்தச் சேற்றைக் காப்பாற்றியிருக்கின்றன. போட் என்ஜினின் டீசல் புகை உள்ளே போயிருந்தால் என் கருப்புக் கார்பன் கணக்கு முழுக்கத் தவறியிருக்கும். அதைச் சொன்னபோது அவர் கூச்சத்தோடு ஐஸ் கட்டிகளைப் பார்த்தார்.

முடிச்சுகளை அவரே அவிழ்த்தார். நான் இழுத்து இறுக்கிய முடிச்சு, நகம் போகவில்லை. வெட்டிவிடலாம் என்றேன். வேண்டாம் என்று பொறுமையாகப் பிரித்து, கரையைச் சுருட்டி என் கையில் வைத்தார்.

“எடுத்த அண்டைக்கே ஆமினாக்கிட்ட சொன்னன் சேர். இது கடல்ல தொழில் செய்யிறவன் கட்டின கட்டு இல்ல எண்டு. நேத்து உங்கட கடதாசில கப்பல்காரன்ட பேரப் பாத்த ஒடனே மனசு சரியில்ல.”

ஆக, நான் பொய் சொன்னபோதே அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தும் எனக்கு ஒரு நாள் கொடுத்து, வட்டிலப்பமும் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு அழுகை வந்தது. ஐஸ் அறைக் குளிரில் மூச்சுப் பட்டு என் கண்ணாடி மங்கிவிட்டது என்று துடைத்துக்கொண்டேன். ஒரு நொடி மூடியைத் தூக்கி எண்ணினேன். நாற்பத்தொன்று, ஒன்றுகூட உடையவில்லை.

வெளியே வந்து மணலில் நின்றுகொண்டு தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். எண்ணை மூன்று வாரமாகப் போனில் வைத்திருந்தேன். மறுமுனையில் ஐஸ் உடைக்கும் இரைச்சல். யார் என்று இரண்டு தடவை கேட்டார். பெயரைச் சொன்னதும் இரைச்சலிலிருந்து கொஞ்சம் விலகி நின்றார்போல.

“ராயப்பன், பெட்டி கெடச்சிடுச்சு. கட்டு என்னுதுன்னு எழுதிக் குடுத்துட்டேன். உங்க கயிற அவுத்தது நான்தான்னும் எழுதிட்டேன். பிரதி ஆபீசுக்குப் போகுது.”

யாரிடமோ ‘ஒரு நிமிஷம்’ என்று சொல்லிவிட்டுப் பேசினார்.

“நீங்க கயிற அவுக்கும்போது நான் மேல நின்னு பாத்துக்கிட்டுதான் சார் இருந்தேன். உங்களுக்கு இன்னும் வேலை முடியலன்னு நெனச்சேன்.”

“பாத்தீங்களா? அப்ப ஏன் விசாரணையில சொல்லல?”

“நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன் சார்.”

அவ்வளவுதான் சொன்னார். யாரோ அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். வைக்கட்டுமா சார் என்று கேட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினார். போனை அணைக்க மறந்துவிட்டார்போல, அங்கே ஐஸ் உடைக்கும் சத்தம் எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.